ப்ளீஸ் சொன்னால் மட்டும்

ஆங்கில வினை விளையாட்டு வாரியம் என்று ஒன்று இருந்தது. ஏதோ பேருக்கு இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மதுரையில் மாடி வைத்த வாடகைக் கட்டிடம், பதினேழு மேசை, பதினேழு மேசைக்கும் ஆள், ஒரு ஜீப், ஜீப்பில் போய்வர ஒரு தனி அதிகாரி என்று திவ்வியமாகவே இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ஏன் ஏற மாட்டேன் என்கிறது என்று மூன்று வருஷம் ஆராய்ந்த வாரியம், கோளாறு முழுக்க வினைச்சொல்லில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. மேசை, நாற்காலி என்று சொல்லிவிடுகிற பிள்ளைக்கு உட்கார், எழுந்திரு வரவில்லை. வினைச்சொல்லை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஏறாது, விளையாடவிட்டால்தான் ஏறும் என்று முடிவாயிற்று. அந்த முடிவைப் பதினேழு பேரும் உட்கார்ந்தபடியேதான் எடுத்தார்கள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் கார்த்திகையில், நல்லூரணிக்கு மழை வரவேண்டிய நாளில் சுற்றறிக்கை வந்தது. நல்லூரணி திருச்சுழியிலிருந்து நாலு மைல். பஸ்ஸுக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கரிசல் காடு, சீமைக்கருவேல், வெடித்துக் கிடக்கும் ஊருணி, ஓர் ஓராசிரியர் பள்ளி, அதில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். அந்த நாற்பத்து மூன்று பேரும் எதற்குப் பள்ளிக்கூடம் வந்தார்கள் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. கப்பலில் வந்த கோதுமை ரவையை மத்தியானம் முத்துத்தாய் கிண்டிப் போடுவாள். அதற்குத்தான் வந்தார்கள். கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் அடுப்பு பொழுது சாய்ந்துதான் எரியும். அதுவரைக்கும் வயிற்றுக்குப் பள்ளிக்கூடம்தான் பொறுப்பு.

ஆசிரியர் பால்சாமிக்கு நாற்பது வயது. அரசாங்கக் கடிதம் வந்தால் உறையைப் பிரிப்பதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுகிற ரகம். பொல்லாதவர் இல்லை, சூதுவாது தெரியாதவர். ஆனால் பயந்தவர். பயந்த மனுஷனை வைத்து என்னென்ன அசிங்கமெல்லாம் செய்துகொள்ளலாம் என்பது எல்லா வாரியங்களுக்கும் தெரியும்.

சுற்றறிக்கை அவரை அருப்புக்கோட்டைக்கு மூன்று நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டது. போனார். ஒரு கல்யாண மண்டபத்தில் அறுபத்திரண்டு ஆசிரியர்களைத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். மேடையில் தனி அதிகாரி சங்கரபாண்டியன். கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்கு மேலே கட்டியிருந்தார். மணி பார்ப்பது நாலு பேருக்குத் தெரியவேண்டும் போலிருக்கிறது.

"குழந்தைங்கிறது ஒரு பூவு. பூவை மிரட்டக் கூடாது, அன்பாக் கேக்கணும். வெள்ளக்காரன் பாருங்க, வளக்கிற நாயக்கூட ப்ளீஸ் சொல்லித்தான் கூப்பிடுவான். நம்மாளுகளுக்கு அந்த நாகரிகம் கெடையாது. எடுத்ததும் அதட்டல். எடுத்ததும் மிரட்டல். ஏய்! யாருய்யா அது பின்னால பேசுறது? வாய மூடு! பூவப் போல..." என்று தொடர்ந்தார்.

ஆட்டம் எளிதுதான். நடத்துபவர் ஒரு வினைச்சொல்லைச் சொல்வார். அதற்கு முன்னால் ப்ளீஸ் போட்டால் செய்யவேண்டும். ப்ளீஸ் போடாமல் வெறுமனே சொன்னால் அசையவே கூடாது. அசைந்தவர் அவுட். இதற்கு மரியாதை ஆட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"இப்ப நீங்கதான் குழந்தைங்க" என்று சொல்லிவிட்டு, அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார். "ஸ்டாண்டு அப்!"

அறுபத்தோரு ஆசிரியர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டு பேர் வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிடவும் செய்தார்கள். அறுபத்தோரு பேரும் அவுட். பின்வரிசைத் தூண் ஓரத்தில் ஒருவர் மட்டும் அசையவில்லை. பந்தல்குடிப் பக்கத்து ஆசிரியர் தனுஷ்கோடி. காலையில் முதல் பஸ்ஸுக்கு எழுந்து வந்த அசதியில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். அதிகாரி அவரைக் கைநீட்டிக் காட்டி, மனக்கட்டுப்பாடு என்றால் இதுதான் என்றார். மூன்று நாளும் எதற்கும் அசையாமல் இருந்ததால் தனுஷ்கோடி மாவட்ட மாதிரி ஆசிரியர் ஆனார். மாலை போடும்போதுதான் அவருக்கு முழிப்புத் தட்டியது.

பால்சாமி ஒரு கையேட்டோடு ஊர் வந்து சேர்ந்தார். எந்தச் சீமைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்களோ, அதில் இருந்த இருபத்து நான்கு வினைச்சொற்களில் நீந்துவதும் படகு தள்ளுவதும் பனியில் சறுக்குவதும் இருந்தன. கால் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லாத ஊரில் முதல் நாளே நீச்சல் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளைச் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுக்கவைத்து, கையையும் காலையும் அடிக்கச் சொன்னார். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த முத்துத்தாய், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது என்று, இரும்புக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஒவ்வொரு பிள்ளை கையிலும் திணிக்கப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லத்தா, நீச்சலு" என்றார் பால்சாமி.

"நீச்சலா? நல்லாக் கேட்டுக்கங்க சார். மத்தியானம் கஞ்சியில ஊத்தவே ரெண்டு கொடம் தண்ணி இல்ல. நீங்க நீச்சலடிங்க" என்று போய்விட்டாள்.

மறுநாள் மரியாதை ஆட்டம். விதியை இரண்டு தடவை தமிழில் விளக்கினார். பிள்ளைகள் புரிந்தது என்று தலையாட்டினார்கள். பால்சாமி அதிகாரி மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸ்டாண்டு அப்!" என்றார். நாற்பத்து மூன்றும் எழுந்து நின்றன. அத்தனையும் அவுட்.

அவுட் ஆனவர்கள் வெளியே சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று, உள்ளே மிச்சம் இருப்பவர்களுக்குக் கைதட்டி ஊக்கம் கொடுக்கவேண்டும் என்று கையேட்டில் இருந்தது. உள்ளே யாரும் மிச்சம் இல்லை. நாற்பத்து மூன்று பிள்ளைகளும் வெயிலில் நின்று காலிப் பள்ளிக்கூடத்துக்கு அரை மணி நேரம் கைதட்டினார்கள்.

ஒரு வாரம் இதே கதை. ஆறாவது நாள் பால்சாமிக்குக் கோபம் வந்தது. முன்வரிசையில் இருந்த மாரிக்கனியைப் பிடித்துக் கேட்டார். ஒன்பது வயது, நல்ல சூட்டிகையான பிள்ளை.

"ஏத்தா, ப்ளீஸ் சொல்லாமச் சொன்னா எந்திரிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார்."

"பெறகு ஏன் எந்திரிக்கே?"

"எந்திரின்னு சொன்னா எந்திரிக்காம எப்பிடி சார் இருக்கது? அடி விழுமே."

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. அந்த நாற்பத்து மூன்று பேரின் அப்பனும் ஆத்தாளும் பெரிய வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள். பெரிய வீடு என்றால் உக்கிரபாண்டி வீடு. அங்கிருந்து ஒரு குரல் வந்தால் தெருவே எழுந்து நிற்கும். அந்தக் குரலில் அன்பான வார்த்தை முன்னால் வருகிறதா என்று காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்தவன் அந்தத் தெருவில் பிறக்கவில்லை. பிறந்த நாளிலிருந்து பாலோடு சேர்த்துக் குடித்த பழக்கத்தை வாரியம் ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ளச் சொன்னது. அதையும் விளையாட்டு என்றது.

அதோடு விட்டிருந்தால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். வாரியம் வாரத்துக்கு ஒரு படிவம் கேட்டது. ஆட்டம் முடியும்போது ஆட்டத்தில் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று அதில் எழுதவேண்டும். பால்சாமி உள்ளதை உள்ளபடி எழுதினார்: யாரும் இல்லை. மூன்றாவது வாரம் பதில் வந்தது. கற்றல் நடவடிக்கையில் இல்லாத குழந்தை வருகை தந்த குழந்தை ஆகாது என்றும், நல்லூரணிப் பள்ளியில் வருகை அறவே இல்லை என்று தெரிவதால் இனிமேல் கோதுமை ரவை அனுப்பத் தேவையில்லை என்றும் இருந்தது.

முத்துத்தாய் மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அரை மூட்டை கிடந்தது.

"நாப்பத்து மூணும் ஆட்டத்துல இருந்துச்சுன்னு எழுதிப் போடுங்க சார். எவன் வந்து எண்ணிப் பாக்கப் போறான்?"

"பொய் எழுதுனா வேலை போயிரும்த்தா."

"மெய் எழுதுனதுல சோறு போச்சே" என்றாள். பால்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனார்.

வாரியத்தின் கிளை அலுவலகம் நூல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வருகைப் பிரிவுக் குமாஸ்தா வடை தின்றுகொண்டிருந்தார். எண்ணெய்க் கையைக் கோப்பில் இருந்த ஒரு தாளில் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"புள்ளைக பள்ளிக்கூடத்துல இருக்கா?"

"இருக்கு சார்."

"ஆட்டத்துல இருக்கா?"

"இல்ல சார். அவுட்."

"அப்ப இல்ல."

"கண்ணு முன்னால நிக்கிதே சார்."

"கண்ணு முன்னால நிக்கிறதெல்லாம் இருக்குன்னு எடுத்துக்கிட்டா ஆபீசு எப்பிடிய்யா நடக்கும்? நீரும்தான் அரை மணி நேரமா என் கண்ணு முன்னால நிக்கிறீரு. நான் பாத்தேனா?"

பால்சாமி குரலைத் தணித்துக்கொண்டு, பிள்ளைகள் பசியாக இருக்கிறார்கள் என்றார்.

"சோத்துக்கு வேற செக்ஷனு. நாங்க எவன் வயித்துலயும் அடிக்கல. வருகை இல்லைங்கிறோம், அம்புட்டுத்தான். அவுக, வருகை இல்லாத எடத்துக்குச் சோறு இல்லைங்கிறாக. ரெண்டும் ஞாயந்தான. ரெண்டு ஞாயத்தையும் ஒண்ணாச் சேத்து ஒரு அநியாயம்னு வந்து நிக்கிறது நீருதான்" என்றார் குமாஸ்தா. பிறகு அவருக்கே மனசு இளகிவிட்டது போல. வடை தீர்ந்துவிட்டதும் காரணமாக இருக்கலாம். "தை மாசக் கடைசியில தனி அதிகாரி நேரா வந்து ஆட்டம் நடத்துவாரு. அன்னைக்குப் புள்ளைக அவுட் ஆகாம இருந்தா முழு வருகை. ரவை தன்னால வரும். போயி ஆக வேண்டியதப் பாரும்."

தை கடைசிக்கு ஒரு மாதம் இருந்தது. அரை மூட்டை ரவை இருந்தது. நாற்பத்து மூன்று வயிறு இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பால்சாமிக்கு ஒரு யோசனை தோன்றியது. அவரைப் பொல்லாதவர் இல்லை என்று சொன்ன நமக்கே அதைச் சொல்லக் கூசுகிறது. பிள்ளைகளின் பசியை வைத்தே பழக்கிவிடலாம் என்பதுதான் அந்த யோசனை.

மறுநாள் மத்தியானம் தட்டோடு பிள்ளைகள் உட்கார்ந்ததும் முத்துத்தாயைக் கரண்டியோடு பக்கத்தில் நிற்கச் சொன்னார். ப்ளீஸ் சொல்லாமல் கத்துவார். அசையாமல் இருக்கிற பிள்ளைக்கு ஒரு கரண்டி. அசைந்த பிள்ளைக்கு அரைக் கரண்டி.

"சோத்தக் காட்டி நாயப் பழக்குவாக. குரங்கப் பழக்குவாக. பள்ளிக்கூடத்துல புள்ளைகளப் பழக்கி இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள் முத்துத்தாய்.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றார் பால்சாமி. சொல்லிவிட்டு, "ஸ்டாண்டு அப்!" என்று கத்தினார். அன்றைக்குப் பெரும்பாலான தட்டுகளில் அரைக் கரண்டிதான் விழுந்தது.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். நல்லூரணிப் பிள்ளைகளிடம் பறப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. பயம் ஒன்றுதான் இருந்தது, அது பறந்தது. நாலாம் நாள் பாதிப் பேர் அசையவில்லை. மாரிக்கனி இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால் மட்டும் எழுந்திருக்கத் துடிக்கும். பதினோராம் நாள் நாற்பத்து மூன்று பேரும் கண்ணைத் திறந்துகொண்டே அசையாமல் இருந்தார்கள். பால்சாமி நாய், கழுதை என்று கத்திப் பார்த்தார், பிரம்பை ஓங்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ப்ளீஸ் என்று சொன்னதும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். அவருக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. சந்தோஷம்தானா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

நாலு நாள் கழித்து உக்கிரபாண்டி மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"என்னா வாத்தியாரே, இங்கிலீஷ் சொல்லித் தாரீகளா, சங்கம் வைக்கச் சொல்லித் தாரீகளா? தெருவுல போற பயலக் கூப்புட்டு, ஏலே அந்தச் செம்ப எடுத்தாடாங்கேன். நின்னு என் வாயவே பாக்கான். என்னத்தையோ சொல்லணுமாம்ல, பெறகுதான் எடுப்பானாம்ல. அவன் அப்பன் வந்து நாலு அறை விட்டு, அவனே எடுத்துக் குடுத்துட்டுப் போறான்."

"அதிகாரி உத்தரவுங்க."

உக்கிரபாண்டியின் முகம் மாறியது. "மேலேருந்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "அப்பச் சரி. அவுக வாரன்னைக்குச் சாப்பாடு நம்ம வீட்டுல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை கடைசி வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஜீப் வந்தது. சங்கரபாண்டியன் இறங்கினார். மாதிரி ஆசிரியர் தனுஷ்கோடி பொன்னாடையோடு இறங்கினார். பியூன் இறங்கினான். தாழ்வாரத்தில் பெரிய வீட்டு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. தனுஷ்கோடி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். பிள்ளைகள் எதிரே தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாளோடு மூட்டை தீர்ந்திருந்தது. ஆறேழு வீட்டில் கையேந்தி வாங்கிய கம்பைப் போட்டு முத்துத்தாய் பின்னால் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஜெயித்துவிட்டால் ரவை வரும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதிகாரி மணி பார்த்தார். வழக்கமாக ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நிமிஷம். கத்துவார், எல்லாம் எழுந்துவிடும், அவுட் என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம்.

"ஸ்டாண்டு அப்!" என்றார்.

சுவரோரம் குத்தவைத்திருந்த பியூன் துள்ளி எழுந்தான். ஜீப்பில் சாய்ந்து கிடந்த டிரைவர் இறங்கி நின்றான். உக்கிரபாண்டிகூடப் பாதி எழுந்து, பிறகு நாற்காலியைச் சரிசெய்வது போல உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகளில் ஒருவரும் அசையவில்லை.

"ஜம்ப்பு! ரன்னு! சிங்கு!" அசையவில்லை. "டான்சு! ஸ்விம்மு!" அசையவில்லை. நாற்பத்து மூன்று ஜோடிக் கண்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வையில் திமிர் எதுவும் இல்லை. பயம் இல்லை, அவ்வளவுதான். பயமில்லாத கண்ணை இருபது வருஷச் சர்வீசில் அவர் எதிரே பார்த்ததில்லை. கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. இங்கிலீஷை விட்டுவிட்டார்.

"எந்திரிங்கடா! எந்திரிங்கடா மூதேவிகளா!"

"ஐயா" என்று பால்சாமி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ப்ளீஸ் சொன்னாத்தாங்கய்யா எந்திரிப்பாக."

"நான் சொல்லணுமா? இதுகளுக்கா?"

"ஆட்டத்தோட விதிங்கய்யா. ஐயாதான் எழுதுனது."

"விதிய எழுதுறவன் நான். எழுதுறவனுக்கு விதி கெடையாது, அதத் தெரிஞ்சுக்கோ மொதல்ல. ப்ளீஸுங்கிறது மரியாதையோட அடையாளம்யா. அத எடுத்துக் கண்ட நாய்க்கும் குடுத்தா அதுல என்ன மரியாதை இருக்கு?" பக்கத்தில் திரும்பி, "என்ன சொல்றீக?" என்று உக்கிரபாண்டியைக் கேட்டார். உக்கிரபாண்டி நூற்றுக்கு நூறு சரி என்றார்.

ஆட்டம் முடியவில்லை. ப்ளீஸ் சொன்னால் எழுந்துவிடுவார்கள், ஆனால் அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாவிட்டால் ஒருவரும் அவுட் இல்லை. மணி ஒன்றாகிவிட்டது. பெரிய வீட்டிலிருந்து கறி மணம் வந்தது.

"சாப்பிட்டுட்டு வந்து முடிக்கேன். நான் வார வரைக்கும் ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கு. ஒருத்தன் அசையக் கூடாது" என்று பால்சாமியிடம் சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். தனுஷ்கோடியைப் பியூன் தட்டி எழுப்பிக் கூட்டிப்போனான்.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. தாழ்வாரத்து நிழல் போய் வெயில் பிள்ளைகள் மடியில் விழுந்தது. ஒரு பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்கு இருந்துவிட்டது. நனைந்த பாவாடையோடு நேராகப் பார்த்தபடியே இருந்தது. முத்துத்தாய் கஞ்சிப் பானையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தாள்.

"அவன் தின்னுட்டுத் தூங்கிட்டு வருவான். நீங்க எந்திரிச்சு வாங்கடா. வாங்கத்தா, கஞ்சி ஆறுது."

யாரும் எழவில்லை. மாரிக்கனியின் கண் மட்டும் பானைக்குப் போய்விட்டு வந்தது. அசைந்தால் சோறு போய்விடும் என்று சோற்றை வைத்தே கற்றுக்கொடுத்தாயிற்று. இப்போது சோறு எதிரில் வந்து கூப்பிட்டும் அந்தப் பிள்ளைகள் அசையவில்லை. முத்துத்தாய் பால்சாமியைத் திரும்பிப் பார்த்தாள். பால்சாமிக்குத் தன்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது.

அவர் பிள்ளைகளுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"ப்ளீஸ்" என்றார். "ப்ளீஸ், ஸ்டாண்டு அப். ப்ளீஸ், கம். ப்ளீஸ், ஈட்டு."

நாற்பத்து மூன்று பேரும் எழுந்தார்கள். கால் மரத்துப்போய் இரண்டு பேர் விழுந்து எழுந்தார்கள். வரிசையாக வந்து கஞ்சி வாங்கிக் குடித்தார்கள்.

மூன்றரைக்கு அதிகாரி வந்தார். வாய் நிறைய வெற்றிலை. பல்லிடுக்கில் மாட்டிய கறித்துணுக்கை ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டே, கஞ்சி குடிக்கிற பிள்ளைகளைப் பார்த்தார்.

"ஆட்டத்தக் கலைச்சது யாரு?"

"நாந்தாங்கய்யா. ப்ளீஸ் சொல்லித்தான் எந்திரிக்கச் சொன்னேன். விதிப்படி யாரும் அவுட் இல்லைங்க" என்றார் பால்சாமி. ஓர் அதிகாரிக்கு முன்னால் அவர் நடுங்காமல் பேசியது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்தில் அதிகாரி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பத்தாம் நாள் வாரியத்தின் கடிதம் வந்தது. அதில் இரண்டு பத்தி. முதல் பத்தி: நல்லூரணிப் பள்ளி மாணாக்கர் நாற்பத்து மூவரும் ஆட்டத்தில் இறுதிவரை நிலைத்து நின்று நூற்றுக்கு நூறு பெற்றமை வாரியத்தின் மகத்தான வெற்றிக்குச் சான்று, பாராட்டுப் பத்திரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டாம் பத்தி: மேற்படி மாணாக்கர் அதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படியாத காரணத்தால், கீழ்ப்படிதல் திரும்பும்வரை மதிய உணவு நிறுத்திவைக்கப்படுகிறது, கீழ்ப்படிதல் திரும்பியதற்கான சான்றை ஆசிரியர் எழுத்துமூலம் அனுப்பவேண்டும்.

இரண்டு பத்திக்கும் கீழே ஒரே கையெழுத்து. பாராட்டுப் பத்திரத்தில் தாமரைப்பூப் படம் போட்டிருந்தது.

பிள்ளைகள் அதற்குப் பிறகும் வந்தார்கள். மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். முத்துத்தாய் தெருத்தெருவாகப் போய்க் கம்பு கேட்டாள். கொடுத்த வீடுகளிலும் பானை காலி. பால்சாமி தன் சம்பளத்தில் இரண்டு தடவை பொரிகடலை வாங்கிவந்தார். அப்படி எத்தனை நாளைக்கு முடியும்?

மாசி பாதி போயிற்று. ஒருநாள் பதினொரு மணிக்கு உக்கிரபாண்டி வாசலில் வந்து நின்றார். அவரது கிணற்றுத் தோட்டத்தில் பருத்தி வெடித்துக் கிடந்தது.

"ஏலே! பருத்தி எடுக்க ஆளு வேணும். மத்தியானம் கஞ்சி ஊத்துவேன். எந்திரிங்கலே!"

அவர் ப்ளீஸ் சொல்லவில்லை. பிள்ளைகள் பால்சாமியைப் பார்த்தார்கள். பால்சாமி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலில் எழுந்தது மாரிக்கனிதான். பிறகு அவள் தம்பி. பிறகு மொத்த வகுப்பும் எழுந்தது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். மாரிக்கனி மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"சார், நான் அவுட்டா?"

"இல்லத்தா" என்றார் பால்சாமி. "போ. போயிக் கஞ்சியக் குடி."

அவள் ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டாள். பால்சாமி மேசையில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். நல்லூரணிப் பள்ளி மாணாக்கர் நாற்பத்து மூவருக்கும் கீழ்ப்படிதல் முழுமையாகத் திரும்பிவிட்டது என்பதை வாரியத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று எழுதினார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. உறையில் போட்டு ஒட்டினார்.

அந்த ஒரு கடிதத்துக்குத்தான் வாரியம் சரித்திரத்திலேயே முதல் தடவையாக எட்டே நாளில் நடவடிக்கை எடுத்தது. திருச்சுழியிலிருந்து மாட்டு வண்டியில் மூன்று மூட்டை ரவை வந்து இறங்கியது. முத்துத்தாய் அடுப்பை மெழுகி, பெரிய பானையை ஏற்றி, தண்ணீரை ஊற்றினாள். பிறகு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பறை வாசலுக்கு வந்தாள். உள்ளே அன்றைக்குச் சுருட்டி வைத்த பாய்களும் பால்சாமியும்தான்.

"யாருக்கு சார் கிண்ட?" என்று கேட்டாள்.